சாட்சிப் பறவைகள்

பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் ஒரு பட்டுத் துண்டு இருக்கிறது. உயரம் 41.5 செ.மீ., அகலம் 70.8 செ.மீ. அதற்குள் 24 உயிர்கள்: வாலாட்டிக் குருவி, சிட்டுக்குருவி, சிள்வண்டு, வெட்டுக்கிளி, தேனீ, இரண்டு ஆமைகள், இன்னும் பல. பெரும்பாலும் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு கிடையாது. செடி இல்லை, பாறை இல்லை, காலூன்றத் தரைகூட இல்லை. சிட்டுக்குருவிக் குஞ்சு ஒன்று சிறகைப் படபடத்து வாயைப் பிளக்கிறது. எதிரே நிற்கும் பெரிய குருவி கொடுக்க ஒன்றுமில்லாமல் அதைப் பார்த்தபடி நிற்கிறது. இடது மூலையில், கீழே, சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: மகன் ஜூபாவோ பார்த்துப் பழகக் கொடுத்தது.

வரைந்தவர் ஹுவாங் ச்சுவான். 10ஆம் நூற்றாண்டில், செங்டுவைத் தலைநகராகக் கொண்டிருந்த ஷு அரசின் அரண்மனை ஓவியர். மகனின் கை பழகுவதற்காக எழுதிய மாதிரி ஏடு இது. யாரையும் மயக்கும் எண்ணம் இதில் இல்லை. ஆனால் சீன அரண்மனையின் மலர், பறவை ஓவியம் பின்னால் ஆயிரம் ஆண்டு எப்படி நடந்துகொண்டது என்பதற்கான விதை இதற்குள் இருக்கிறது. ஒவ்வொரு உயிரையும் தனியே நிறுத்தி, எத்தனை இறகு, எந்த மூட்டு, எந்தப் பக்கம் மடிகிறது என்று விசாரித்திருக்கிறார் மனிதர்.

அந்த விசாரணைக்கு அரண்மனையில் ஒரு பயன் இருந்தது. 944இல் ஷு அரசருக்குச் சில சாரசக் கொக்குகள் பரிசாக வந்தன. வெள்ளை உடலும் உச்சியில் சிவப்பும் கொண்ட அந்தப் பறவை சீனர்களுக்கு நீண்ட ஆயுளின் அடையாளம். அவற்றைப் பார்த்து மண்டபச் சுவரில் ஆறு சாரசங்களை ஹுவாங் ச்சுவான் எழுதினார். ஒன்று வானைப் பார்த்துக் கூவுகிறது; ஒன்று பனித்துளி விழும் ஓசைக்குத் திடுக்கிடுகிறது; ஒன்று பாசியைக் கொத்துகிறது; ஒன்று காற்றில் ஆடுகிறது; ஒன்று இறகு கோதுகிறது; ஒன்று நடந்துகொண்டே திரும்பிப் பார்க்கிறது. உயிருள்ள கொக்குகள் சுவரருகே வந்து சேர்ந்து நின்றன என்கிறது பழைய குறிப்பு. மண்டபத்துக்கே ஆறு சாரசங்களின் பெயர் வந்துவிட்டது. 953இல் இன்னொரு மண்டபத்தில் அவர் எழுதிய ஃபெசன்ட் கோழிகளைப் பார்த்து, காணிக்கையாக வந்திருந்த வல்லூறு ஒன்று சிறகடித்துப் பாய்ந்ததாம். அரசர் வியந்து, நடந்ததை எழுத்தில் பதியச் சொன்னார்.

வல்லூறு ஏமாந்த கதையைச் சொல்லாத ஓவிய மரபு உலகில் குறைவு. ஆகவே கதையை விட்டுவிடலாம். அரசர் அதை எழுதிவைக்கச் சொன்னார் பாருங்கள், அதுதான் கவனிக்க வேண்டியது. பறவை வந்தது, அதை இன்னார் வரைந்தார், அது மெய்ப்பறவையை ஒத்திருந்தது என்று மூன்றையும் சேர்த்துப் பதிவுசெய்வது அரசாங்க வேலை. இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில், கொரியாவின் சில்லா அரசு ஆடத் தெரிந்த மயில் ஒன்றை டாங் பேரரசர் டெசோங்குக்கு அனுப்பியது. ஓவியர் பியான் லுவானைக் கூப்பிட்டு அதை வரையச் சொன்னார்கள். அவர் முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக, காவல் நிலையத்தில் பிடிக்கும் படம்போல, இரண்டு எழுதிக் கொடுத்தார். தூர தேசம் பணிந்து மயில் அனுப்பியதற்கு அந்த இரண்டு படமும் அத்தாட்சி.

965இல் சோங் அரசின் படைகள் ஷு நாட்டைப் பிடித்தன. ஹுவாங் ச்சுவான் மகன்களோடு புதிய தலைநகரம் கைஃபெங்குக்குப் போனார். அதே ஆண்டு இறந்துபோனார். ஆனால் அவர் கை அங்கே நிலைத்தது. இன்னொரு மகன் ஜூத்சாய் அரண்மனை ஓவியக் கூடத்தில் செல்வாக்குப் பெற்றார். ஏறத்தாழ நூறு ஆண்டு, கூடத்தில் சேர வருகிறவர்களின் தூரிகையை ஹுவாங் குடும்பத்துத் தூரிகையோடு ஒப்பிட்டுத்தான் எடை போட்டார்கள்.

அந்த முறை எளிதில் கைவராது. பட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வஜ்ஜிரப் பசையும் படிகாரமும் கலந்த நீரைப் பூசி, மை ஊறிப் பரவாதபடி இறுக்க வேண்டும். பிறகு மயிரிழை போன்ற மென்கோடு. அதற்குள் நீர்த்த வண்ணம் ஒரு பூச்சு, காய்ந்த பிறகு இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. சிவப்புக்குச் சாதிலிங்கம், பச்சைக்கும் நீலத்துக்கும் அரைத்த தாதுக்கல். ஹுவாங்கின் படத்தில் மைக்கோடு கண்ணுக்கே தெரியாது, வண்ணம் மட்டுமே உருவாகி நிற்கும் என்று 11ஆம் நூற்றாண்டு அறிஞர் ஷென் குவோ எழுதியிருக்கிறார். அவரே ஒரு பொறாமைக் கதையும் சொல்கிறார். தெற்கே நான்ஜிங்கில் ஷ்யூ ஷி என்ற ஓவியர் இருந்தார். பதவி ஏதும் வகிக்காதவர். ஏரிக்கரையில் திரிந்து நாணலும் காட்டுவாத்தும் மையால் வேகமாக இழுத்து, மேலே கொஞ்சம் வண்ணம் தெளிப்பவர். அவர் படத்தைப் பார்த்த ஹுவாங் ச்சுவான், முரட்டுத்தனம், தரமில்லை என்று கூடத்துக்கு வெளியே தள்ளிவிட்டாராம். ஷ்யூ ஷியின் நாடு சோங்கிடம் வீழ்ந்தது 975இல். ஹுவாங் ச்சுவான் செத்துப் பத்தாண்டு ஆகியிருந்தது. தள்ளியிருந்தால் மகன் தள்ளியிருக்க வேண்டும். யார் தள்ளினாலும், ஷ்யூ ஷியின் பேரன் பிழைக்க வழி தெரிந்தவர். மைக்கோட்டையே விட்டுவிட்டு வெறும் வண்ணத்தால் பூ எழுதினார். ஹுவாங் குடும்பத்தால் குறை சொல்ல முடியவில்லை.

ஹுவாங் வீட்டில் செல்வச் செழிப்பு, ஷ்யூ ஷியிடம் காட்டுச் சுதந்திரம் என்று இந்த இரண்டையும் பிரித்து வைப்பது சீனக் கலை வரலாற்றில் பழகிப்போன வழக்கு. அதை முதலில் எழுதிவைத்த குவோ ரோஷு சொல்லும் காரணம் மிக எளிது: அரண்மனைத் தோட்டத்தில் அரிய பறவை இருந்தது, ஹுவாங் அதை வரைந்தார், ஏரியில் காட்டுவாத்து இருந்தது, ஷ்யூ ஷி அதை வரைந்தார். தத்துவம் எல்லாம் பிறகு ஏறியது.

தோட்டம் தேடிப் போகாமல் தாமே தோட்டம் வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஜாவ் சாங் விடியலில், பனி உலரும் முன், வேலியைச் சுற்றிச் சுற்றி நடந்து பூக்களைக் கூர்ந்து பார்த்து, கையிலேயே வண்ணம் குழைத்து வரைவார். சாங்ஷாவில் யி யுவான்ஜி வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டி, பாறை அடுக்கி, மூங்கிலும் நாணலும் நட்டு, நீர்ப்பறவைகளை வளர்த்தார். பிறகு சன்னல் மறைவில் நின்றுகொண்டு, ஆள் பார்க்காத நேரத்தில் அவை என்ன செய்கின்றன என்று வேவு பார்த்தார். 1064இல் அவரை அரண்மனைக்கு அழைத்தார்கள். குரங்குகள் வரையும் பெரிய பணி கிடைத்தது. அது முடியும் முன்பே திடீரென்று இறந்தார். கூடத்து ஓவியர்கள் பொறாமையில் விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியது. உண்மையோ பொய்யோ, அந்தக் கூடத்தைப் பற்றி அப்படி நம்ப ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

இந்தச் சூழலில் சூ டோங்போ ஒரு கல் எறிந்தார். கவிஞர், அதிகாரி, ஓவியத்தில் உருவ ஒப்புமையைப் பெரிதாக மதிக்காதவர். ஹுவாங் ச்சுவான் எழுதிய பறக்கும் பறவைக்குக் கழுத்தும் நீண்டிருக்கிறது, காலும் நீண்டிருக்கிறது. கழுத்தை மடக்கும் பறவை காலை நீட்டும், காலை மடக்கும் பறவை கழுத்தை நீட்டும், இரண்டையும் ஒருசேர நீட்டும் பறவை இல்லை என்று யாரோ அவரிடம் சொல்ல, தான் போய்ப் பார்த்ததாகவும் அது சரிதான் என்றும் குறித்து வைத்தார். சாட்சிகளின் அரசனையே குறுக்கு விசாரணையில் மடக்கிவிட்ட திருப்தி அந்தக் குறிப்பில் தெரிகிறது.

அவர் எதைப் பார்த்தார்? நாரையைப் பார்த்திருந்தால் சரி. அது கழுத்தை மடித்துக் காலை நீட்டித்தான் பறக்கும். வாத்தைப் பார்த்திருந்தாலும் சரி. கழுத்து நீளும், கால் வயிற்றோடு ஒட்டும். சாரசத்தைப் பார்த்திருந்தால் தோற்றிருப்பார். அலகு நுனியிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாக நீட்டிக்கொண்டுதான் அது பறக்கிறது.

சுய் பாய் வேறு வகை. தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய படம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். இலையுதிர் காலத்துக் காற்று வலப்பக்கமிருந்தோ இடப்பக்கமிருந்தோ என்று யோசிக்கவே இடமில்லை. மூங்கில், காய்ந்த புல், ஓக் இலை எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து கிடக்கின்றன. நம் வால்காக்கைக்கு உறவான இரண்டு பறவைகள் மேலே. ஒன்று கிளையிலிருந்து குனிந்து கத்துகிறது, இன்னொன்று துணைக்குப் பறந்து வருகிறது. கீழே ஒரு முயல் ஒற்றை முன்காலைத் தூக்கியபடி நின்று, தலையைத் திருப்பி மேலே பார்க்கிறது. முயலுக்கு வெளிக்கோடே கிடையாது. நீளமும் குட்டையுமான மயிர்க்கோடுகள் ஆயிரமாயிரம். வயிற்றில் மென்மையாகவும் முதுகில் முரடாகவும் அவையே தோலாகின்றன. மரத்தண்டில், பட்டையின் கீறலோடு கீறலாக, ஓவியர் தன் பெயரையும் 1061ஆம் ஆண்டையும் எழுதியிருக்கிறார்.

இந்த மூன்று உயிர்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. அரசரைப் பார்க்கவில்லை. சுய் பாய்க்கு முந்திய அரண்மனைப் பறவைகள் பெரும்பாலும் தங்களை யாரோ பார்ப்பது தெரிந்த பறவைகள். பக்கவாட்டில் திரும்பி, வாலை விரித்து, காட்டவேண்டியதைக் காட்டிக்கொண்டு நிற்பவை. இங்கே நடப்பது எல்லைச் சண்டை. முயல் வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டது, பறவைகள் விரட்டுகின்றன, அவ்வளவுதான். அந்தப் பறவை ஜோடி இரட்டை மங்கலத்தின் குறி என்பதால் படத்துக்கு மங்கலப் பெயர் வைத்துச் சுபகாரியத்தில் சேர்த்துவிட்டார்கள் பின்வந்தவர்கள். வசவு வாழ்த்தாகிவிட்டது.

இதை வரைந்தபோது சுய் பாய் அரண்மனைப் பணியில் இல்லை. ஏழு ஆண்டு கழித்து, 1068 வாக்கில்தான் பேரரசர் ஷென்சோங் அவரைக் கூப்பிட்டு அரண்மனைத் திரை வரையச் சொல்லி, கூடத்தில் பதவியும் கொடுத்தார். கட்டுக்குள் நிற்காத சுபாவம். தனக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று மன்றாடினார். கடைசியில் ஓர் ஏற்பாடு: பேரரசர் நேரில் ஆணையிட்டால் மட்டும் வந்தால் போதும். நூறாண்டு ஹுவாங் மரபை உடைத்தவர்கள் என்று அரண்மனை ஓவியச் சேகரிப்பின் பட்டியல் நூல் பெயர் சொல்லும் இருவர், இவரும் வூ யுவான்யுவும். வூ யுவான்யுவிடம் ஓவியம் பழகிய ஓர் இளவரசர் 1100இல் பேரரசரானார். அவர்தான் ஹுவெய்சோங்.

ஹுவெய்சோங்கைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது, நல்ல ஓவியர், கெட்ட அரசர் என்பது. வசதியான வாக்கியம். ஓவியம் ஒரு பக்கம், ஆட்சி ஒரு பக்கம் என்று அது பிரித்து வைக்கிறது. அவர் செய்ததைப் பார்த்தால் அப்படிப் பிரிக்க முடியவில்லை. 1104இல் ஓவியப் பள்ளி தொடங்கினார். மாணவர்கள் வரைந்தால் மட்டும் போதாது. அகராதிகளும் படிக்க வேண்டும், தேர்வும் உண்டு. 1120இல் தொகுத்த அரண்மனைச் சேகரிப்புப் பட்டியலில் 6,396 ஓவியங்கள். அவற்றில் 2,700க்கு மேல் மலரும் பறவையும். ஹுவாங் ச்சுவான் பெயரில் மட்டும் 349.

ஓவியர்களை அவர் எப்படி நடத்தினார் என்பதற்கு டெங் சுன் 1167இல் எழுதிய நூலில் இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. லோங்டெ அரண்மனை கட்டி முடிந்ததும், அந்தக் காலத்தின் சிறந்த கைகளெல்லாம் அதன் சுவர்களை வரைந்தார்கள். பேரரசர் சுற்றிப் பார்த்தார், எதையும் பாராட்டவில்லை. ஒரு முன்தாழ்வாரத்தில், தூண் உச்சியின் இடைவெளியில் வரைந்திருந்த சாய்ந்த ரோஜாக் கிளையருகே நின்று, வரைந்தது யார் என்றார். புதிதாக வந்த இளைஞன். அவனுக்குச் செவ்வாடை மரியாதை. காரணம் கேட்டவர்களுக்குச் சொன்னார்: ரோஜாவுக்குப் பருவந்தோறும், காலை மாலைதோறும், இதழும் மகரந்தத் தண்டும் இலையும் மாறும், இது வசந்தகாலத்து நண்பகல் ரோஜா, மயிரளவும் பிழையில்லை. இன்னொரு முறை, மண்டபத்து முன்னால் லிச்சி மரம் காய்த்திருந்தது. தெற்கத்தி மரம் கைஃபெங்கில் காய்ப்பதே ஓர் அதிசயம். மரத்தடியில் ஒரு மயில். ஓவியர்கள் போட்டி போட்டு வரைந்தார்கள். மயில் வலது காலைத் தூக்கி மேடையில் ஏறப் போகிறது. பேரரசர் சரியில்லை என்றார். யாருக்கும் விளங்கவில்லை. சில நாள் கழித்து அவரே விடை சொன்னார்: மயில் மேலே ஏறும்போது இடது காலைத்தான் முதலில் தூக்கும்.

முதல் கதையில் ஒரு பெரிய ஆசிரியர் தெரிகிறார். இரண்டாவதில்? எல்லா மயிலும் எப்போதும் இடது காலைத்தான் தூக்கும் என்பதை ஏற்க எந்தப் பறவை ஆர்வலரும் தயங்குவார். ஆனால் அந்தக் கூடத்தில் மறுநாள் போய் மயிலை எண்ணிப் பார்த்துவிட்டு, இல்லை ஐயா, வலதும் தூக்குகிறது என்று சொல்லக்கூடியவர் யார்? சூ டோங்போ மாதிரி ஆள் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய நூல்களின் அச்சுப் பலகைகளைக் கொளுத்தச் சொல்லி 1103இல் ஆணையிட்டதே இந்தப் பேரரசரின் அரசுதான். கூர்ந்து பார்ப்பது கூடத்தின் ஒழுக்கமாக இருந்தது. என்ன பார்த்தோம் என்று முடிவு செய்யும் உரிமை ஒருவரிடம் இருந்தது.

1112ஆம் ஆண்டு முதல் மாதம் 16ஆம் நாள். விளக்குத் திருவிழாச் சமயம். கைஃபெங் அரண்மனையின் பெருவாயில் மேல் மாலையில் மேகம் தாழ்ந்து சூழ்ந்தது. எங்கிருந்தோ சாரசங்கள் வந்து கூரைக்கு மேலே வட்டமிட்டன. இரண்டு, கூரை முகட்டின் இரு முனையிலும் வந்து அமர்ந்தன. தெருவில் இருந்த எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இப்படி விவரித்து, தன் மெலிந்த கூர்மையான கையெழுத்தில் பேரரசர் எழுதிவைத்த சுருள் இப்போது ஷென்யாங்கில், லியாவ்னிங் மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்துக்குப் பக்கத்தில் படம். கீழே கூரையின் மேல்பகுதி மட்டும். மீதி முழுக்க வானம். சீன ஓவியர்கள் வானத்தைப் பெரும்பாலும் வெறும் பட்டாகவே விட்டுவிடுவார்கள். இங்கே அழுத்தமான நீலம் தீட்டியிருக்கிறது. அதில் 20 சாரசங்கள். பறப்பவை பதினெட்டும் கழுத்தையும் காலையும் ஒருசேர நீட்டியிருக்கின்றன. சூ டோங்போவுக்கு இதைவிட நேரான பதில் இருக்க முடியாது.

பறவை ஒவ்வொன்றும் மெய். கூட்டம் மெய்யாக இல்லை. அருகருகே பறக்கும் பறவைகள் ஒன்றையொன்று மறைக்கும், குவியும், சிதறும். இவை பூவேலை செய்த துணியில் பரப்பியதுபோல் இடைவெளி விட்டு நிற்கின்றன. ஏனென்றால் இந்தச் சுருள் ஒரு சான்றிதழ்: வானம் இந்த ஆட்சியை ஒப்புக்கொண்டது. இப்படிப் பதினைந்து அதிசயங்களுக்கு ஓர் ஏடு என்று தொகுத்துக்கொண்டே போய், ஏடுகள் ஆயிரத்தை எட்டின என்கிறார் டெங் சுன். மேகி பிக்ஃபோர்டு என்ற கலை வரலாற்றாசிரியர் ஒரு படி மேலே போகிறார்: இந்தப் படங்கள் நடந்த மங்கலத்தைப் பதிவதற்காக மட்டும் எழுதியவை இல்லை, மங்கலத்தை நடத்திவைக்க எழுதியவை. அப்படிப் பார்த்தால் கொக்கின் கால் எலும்பு துல்லியமாக இருந்தே தீரவேண்டும். பொய்ச்சாட்சியால் வானத்தைக் கட்ட முடியாது.

சாட்சிகளைத் தயார் செய்யவும் ஆள் கிடைத்தார். 1117இல் தொடங்கி 1122 வரை, நகரின் வடகிழக்கு மூலையில் கென்யுவே என்ற செயற்கை மலைத் தோட்டம் எழுந்தது. தென்சீனாவிலிருந்து பாறைகளும் மரங்களும் பறவைகளும் படகு படகாக வந்தன. தானியப் படகுகளைப் பறித்தார்கள், வழியில் குறுக்கிட்ட பாலங்களை இடித்தார்கள். அந்தத் தோட்டத்துக்கு ஷுவே என்ற கிழவர் வந்து சேர்ந்த கதையை 13ஆம் நூற்றாண்டில் யுவே கெ எழுதியிருக்கிறார். சந்தையில் விலங்கு பழக்கிப் பிழைத்தவர். தினமும் காவலர்களைத் திரட்டி, மஞ்சள் குடை பிடித்து, பேரரசர் வருவதுபோல ஊர்வலம் நடத்துவார். பெரிய தட்டுகளில் சோறும் இறைச்சியும். பறவைக் குரலில் ஒரு கூப்பாடு. தின்று பழகிய பறவைகள் ஒரு மாதத்தில் கூப்பிடாமலே வந்தன, குடையைக் கண்டு மிரளவும் இல்லை. ஒருநாள் மெய்யாகவே பேரரசர் வந்தார். ஆயிரக்கணக்கில் பறவைகள் இறங்கின. கிழவர் முன்னால் வந்து மண்டியிட்டு, மங்கலப் பறவைகள் அரசரை எதிர்கொள்கின்றன என்று அறிவித்தார். பேரரசருக்கு ஒரே மகிழ்ச்சி, கிழவருக்குப் பதவி.

1112இன் சாரசங்கள் இந்தத் தோட்டத்துக்கு முந்தியவை. அவற்றை யாரும் சோறு போட்டுக் கூப்பிட்டதாகத் தகவல் இல்லை. ஆனால் இரண்டு காட்சியையும் பக்கத்தில் வைத்தால், அந்த அரண்மனை பறவையிடம் என்ன எதிர்பார்த்தது என்பது விளங்கும்.

படகுகளை எதிர்த்து 1120இல் தெற்கே ஃபாங் லா தலைமையில் பெருங்கலகம் வெடித்தது. அதை அடக்கி ஐந்தாண்டில் வடக்கிலிருந்து ஜுர்ச்சென்கள் வந்தார்கள். ஹுவெய்சோங் முடியை மகனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். இரண்டாம் முற்றுகையில், பட்டினி கிடந்த நகரத்துக்காக மகன் கென்யுவேயைத் திறந்துவிட்டார். மாளிகைகளை இடித்து விறகாக்கினார்கள், மூங்கிலை வெட்டித் தடுப்பு பின்னினார்கள், பாறையை உடைத்துக் கவண்கல் ஆக்கினார்கள், மான்களை அடித்துக் காவலர்களுக்குக் கறி போட்டார்கள். பறவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றைப் பியான் ஆற்றில் விட்டார்கள், போக்கிடம் அவற்றின் பாடு. 1127 தொடக்கத்தில் நகரம் விழுந்து, தந்தையும் மகனும் சிறையாக வடக்கே போனார்கள். ஹுவெய்சோங் 1135இல் அங்கேயே இறந்தார்.

தெற்கே ஹாங்ஜோவில் மீண்டும் கூடிய அரண்மனையில் படங்கள் சிறுத்தன. வட்ட விசிறிக்குள்ளும் சிறு ஏட்டுக்குள்ளும் அடங்கின. பலருக்கு இந்தக் காலத்து வேலையே மிகப் பிடிக்கும், அதில் தவறும் இல்லை. லின் சுன் எழுதிய பழக்கிளையில் இலைகளைப் பூச்சி அரித்திருக்கிறது, ஓட்டையின் விளிம்பு பழுப்பேறியிருக்கிறது. தாவத் தயாராக ஒரு சின்னப் பறவை. லி டி 1197இல் இரண்டு செம்பருத்தி இனப் பூக்களை வரைந்தார். அவை டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. காலையில் வெள்ளையாக விரிந்து மாலைக்குள் சிவந்துவிடும் பூ அது. ஒரு படத்தில் வெள்ளை, ஒரு படத்தில் சிவப்பு. லோங்டெ அரண்மனையில் அந்த இளைஞனுக்குச் செவ்வாடை வாங்கித் தந்த பாடம் எழுபது, எண்பது ஆண்டு தாண்டியும் கூடத்தில் மறக்கவில்லை.

மிங் அரசர்களிடம் பறவை சீருடையில் ஏறியது. 1391இல் வகுத்த விதிப்படி, சிவில் அதிகாரிகள் மார்பில் சதுரத் துணியில் பறவை தைத்துக்கொள்ள வேண்டும்: முதல் தரத்துக்குச் சாரசம், மூன்றாம் தரத்துக்கு மயில், ஆறாம் தரத்துக்கு வெண்கொக்கு, கடைசி ஒன்பதுக்குக் காடை. இந்த ஏணியை மனத்தில் வைத்துக்கொண்டால், லியூ ஜி எழுதிய பெரிய தொங்குசுருள்களில் மயிலும் கொக்கும் ஃபெசன்ட்டும் ஏன் அத்தனை கம்பீரமாக வரிசை கட்டுகின்றன என்று புரியும். நிங்போவிலிருந்து வந்த லியூ ஜிக்குச் சம்பளக் கணக்கு அரச மெய்க்காவல் படையில். ஓவியர்களுக்கு அப்படித்தான் பதவி தந்தார்கள். ஹோங்ஜி பேரரசர் இவர் தன் தொழிலாலேயே எனக்கு இடித்துரை சொல்கிறார் என்று பாராட்டினாராம். சாட்சி, அமைச்சராகவும் உயர்ந்தது. ஆனாலும் அந்தச் சுருள்களின் முன் நிற்கும்போது, சற்று நேரத்தில், சுய் பாயின் முயல் பக்கமே மனம் போகிறது.

சிங் காலத்துச் சியான்லோங் பேரரசருக்குச் சகுனம் போதவில்லை, பட்டியல் வேண்டியிருந்தது. முந்திய பேரரசர்களிடம் பணியாற்றிய ஜியாங் டிங்ஷியின் பறவை ஏடுகளை வைத்து, யூ ஷெங், ஜாங் வெய்பாங் என்ற இருவரும் 1750இல் தொடங்கினார்கள். 1761இல் முடிந்தது. பன்னிரண்டு தொகுதி, 360 பறவை. ஒவ்வொன்றுக்கும் சீனத்திலும் மஞ்சுவிலும் குறிப்பு. கண்ணின் நிறம், அலகின் நிறம், காலின் நிறம் என்று எழுத்திலும் விவரம். இதே அரண்மனையில் மிலானிலிருந்து வந்த ஏசு சபைத் துறவி காஸ்டிலியோனி ஐரோப்பிய நிழலையும் சீனப் பட்டையும் சேர்த்துப் பூ வரைந்துகொண்டிருந்தார். ஹுவாங் ச்சுவான் மகனுக்காக எழுதிய 24 உயிர் ஏடு ஒரு பேரரசின் கணக்கேடாகப் பெருத்ததுபோலத் தோன்றுகிறது. இப்போது அந்தப் பன்னிரண்டில் எட்டுத் தொகுதி பெய்ஜிங்கிலும் நான்கு தைபேயிலும் உள்ளன. அரண்மனைச் சேகரிப்பைப் பிரித்த உள்நாட்டுப் போர் பறவைகளையும் பங்கு போட்டுவிட்டது.

சிங் ஆட்சியின் கடைசியில் பூ வரைந்தவர் பேரரசித் தாய் சிஷி. பியோனி, கிரிசாந்திமம், ஆயுள் வாழ்த்தாகப் பீச். மேலே பெரிய சிவப்பு முத்திரை. அமைச்சர்களுக்கு அவற்றைப் பரிசாகக் கொடுப்பார். சாரசமும் மயிலும் மார்பில் தைத்தவர்கள் மண்டியிட்டு வாங்கிக்கொள்வார்கள். அவற்றில் பலவற்றை வரைந்தது யுன்னான் மாகாணத்திலிருந்து வந்த மியாவ் ஜியாஹுவெய் என்ற விதவைப் பெண் என்பது அரண்மனையில் தெரியாத ரகசியம் இல்லை. ஹுவெய்சோங்கின் கையெழுத்துள்ள படங்களில் எத்தனை கூடத்து ஓவியர்களுடையவை என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. இங்கே பெயராவது தெரிகிறது. மியாவ் தன் பெயரிலேயே வரைந்து விற்ற சில விசிறிகளும் சுருள்களும் மிஞ்சியிருக்கின்றன. சிஷி 1908இல் இறந்தார், மூன்று ஆண்டில் அரசும் போய்விட்டது. முத்திரை போட்ட பியோனிகள் மட்டும் இன்னமும் சிஷியின் கைவண்ணமாகத்தான் விலை போகின்றன.